மின்சக்தி யுகத்தின் கனிமங்களும் வல்லரசுகளின் போட்டியும்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலை ஒரு வார காலம் மூடப்பட்டது. ஏறத்தாழ அதே நாட்களில் ஜப்பானின் சுசுக்கி நிறுவனம் தனது சுவிஃப்ட் ரகக் கார்களின் உற்பத்தியை இடைநிறுத்த நேர்ந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தமோ, வாங்குவோர் இன்மையோ, மூலதனத் தட்டுப்பாடோ இதற்குக் காரணமாக இருக்கவில்லை. கைக்குள் அடங்கிவிடக்கூடிய சில காந்தத் துண்டுகள் சீனத் துறைமுகங்களிலிருந்து புறப்படவில்லை என்பதே காரணம். அதே ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி சமாரியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் மூலகங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யப்படும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் கட்டாயம் எனப் பீஜிங் அறிவித்திருந்தது. ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் சீனப் பொருட்கள் மீது விதித்த தீர்வைகளுக்கான பதிலடி அது. மே மாதத்தில் சீனாவின் காந்த ஏற்றுமதி முன்னைய ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிடுகையில் ஏறக்குறைய கால்பங்காகச் சுருங்கிவிட்டது.

உலகின் முதலாவது பொருளாதார வல்லரசு தொடுத்த வர்த்தகப் போர், இரண்டே மாதங்களில் சமரசப் பேச்சுவார்த்தையாக மாறியதன் பின்னணி இதுவேயாகும். ஆயுதங்களும் விமானந்தாங்கிக் கப்பல்களும் செய்ய இயலாததை ஓர் அனுமதிப்பத்திரப் படிவம் செய்து முடித்தது என்று கூறினால் அது மிகையாகாது.

எண்ணெய் யுகத்தின் அரசியலை எமது தலைமுறையினர் நன்கறிவர். 1973ஆம் ஆண்டின் அரபு எண்ணெய்த் தடை, அதன் விளைவாக 1974இல் மேற்கு நாடுகள் ஒன்றுகூடி அமைத்த சர்வதேச சக்தி முகவரகம், அதன் உறுப்பு நாடுகள் 90 நாட்களுக்குப் போதுமான எண்ணெய் இறக்குமதியைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற நியதி ஆகியன யாவும் அந்த யுகத்தின் பாடங்கள். இலங்கையர்களாகிய எமக்கோ அந்தப் பாடம் 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னால், நாட்கணக்கில் நீண்ட வரிசைகளில் மீண்டும் புகட்டப்பட்டது. சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எவரும் விலை கேட்க முடியாது, எவரும் அவற்றைத் தடை செய்யவும் முடியாது. ஆகவே புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மாறிவிட்டால் இந்த அடிமைத்தனம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை அந்த வரிசைகளில் நின்ற பலரிடமும் இருந்தது.

இந்த நம்பிக்கை முற்றிலும் தவறானதன்று. ஆனால் அது பாதி உண்மையே. சூரிய ஒளி இலவசம். அதை மின்சாரமாக்கும் தகடு இலவசமன்று. காற்று இலவசம், காற்றாலையின் மின்பிறப்பாக்கியில் உள்ள காந்தம் இலவசமன்று. ஒரு மின்வாகனத்திற்கு வழமையான வாகனத்தைவிட ஆறு மடங்கு கனிமங்கள் தேவைப்படுகின்றன என்றும், தரையில் நிறுவப்படும் காற்றாலைக்கு அதே கொள்ளளவுடைய எரிவாயு மின்நிலையத்தைவிட ஒன்பது மடங்கு தேவை என்றும் சர்வதேச சக்தி முகவரகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. லித்தியம், கோபால்ட், நிக்கல், காரீயம், செம்பு, அருமண் மூலகங்கள் என அப்பட்டியல் நீள்கின்றது.

எண்ணெய்க்கும் கனிமத்துக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். எண்ணெய் எரிந்து தீர்வது. அது நின்றால் மறுநாளே பஸ் ஓடாது, மீனவரின் படகு கடலுக்குப் போகாது. கனிமமோ ஒருமுறை இயந்திரத்தில் பொருத்தப்பட்டால் பல ஆண்டுகள் உழைப்பது. விநியோகம் நின்றாலும் ஏற்கெனவே ஓடும் கார் ஓடிக்கொண்டே இருக்கும். கூரையிலுள்ள சூரியத் தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். நின்றுபோவது புதிய உற்பத்தியே. ஆகவே கனிமத் தட்டுப்பாடு பொதுமக்களின் வாசலில் வரிசையாக வந்து நிற்பதில்லை. தொழிற்சாலையின் வாயிலில் ஓசையின்றி நிற்கின்றது. அரசாங்கங்கள் இதனை நீண்டகாலம் கவனிக்காமல் விட்டதற்கு இந்த ஓசையின்மையும் ஒரு காரணமெனலாம்.

அருமண் மூலகங்கள் என்ற பெயரே ஒருவகையில் பிழையானது. பதினேழு மூலகங்களைக் கொண்ட இக்குடும்பம் பூமியில் அப்படியொன்றும் அரிதாகக் காணப்படுவதில்லை. அரிதாக இருப்பது, இலாபகரமாகத் தோண்டக்கூடிய செறிவும், ஒன்றையொன்று மிக ஒத்த அந்த மூலகங்களை வெவ்வேறாகப் பிரித்தெடுக்கும் ஆற்றலுமே. அமிலங்களையும் கரைப்பான்களையும் பயன்படுத்தி நூற்றுக்கணக்கான படிமுறைகளில் நடத்தப்படும் அப்பிரித்தெடுப்பு செலவு மிக்கது, அழுக்கு மிக்கது, பெரும்பாலும் கதிரியக்கமுள்ள தோரியத்தைக் கழிவாக விட்டுச் செல்வது.

இத்தொழிலை ஒரு காலத்தில் முன்னின்று நடத்திய நாடு அமெரிக்காவே என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். கலிபோர்னியாவின் பாலைநிலத்திலுள்ள மவுண்டன் பாஸ் சுரங்கம் 1960களிலிருந்து 1980கள் வரை உலகத் தேவையின் பெரும்பகுதியை நிறைவு செய்தது. கழிவுநீர்க் கசிவுகளும் சுற்றுச்சூழல் சட்டங்களும் ஒருபுறமும், சீனாவின் மலிவு விலை மறுபுறமும் நெருக்க, 2002இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு முன்னரே, 1995இல், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்ட மெக்னிகுவென்ச் என்னும் காந்த உற்பத்திக் கம்பனி சீன நிறுவனங்களும் பங்குபற்றிய கூட்டொன்றிற்கு விற்கப்பட்டிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரத்துடனேயே அந்த விற்பனை நடைபெற்றது. சில ஆண்டுகளில் இயந்திரங்களும் தொழில்நுட்பமும் சீனாவைச் சென்றடைந்தன. மத்திய கிழக்கிடம் எண்ணெய் இருக்கின்றது, சீனாவிடம் அருமண் இருக்கின்றது என்ற பொருள்பட டெங் சியாவோ பிங் கூறியதாகச் சொல்லப்படும் வாசகத்தை இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகின்றனர். அக்கூற்றை மேற்குலகின் நிதிச்சந்தைகள் அன்று செவிமடுக்கவில்லை. செவிமடுத்திருந்தாலும் மலிவு விலையை விட்டுக்கொடுத்திருக்க மாட்டா.

இந்த ஆதிக்கத்தைச் சீனா இலவசமாகப் பெறவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். உள்மொங்கோலியாவிலுள்ள பாவோட்டோ நகரின் அருகே தேங்கிக் கிடக்கும் கழிவுக் குளமும், தென் சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் அமோனியம் உப்புக்களால் கரைத்துக் குடையப்பட்ட குன்றுகளும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை. தன் நாட்டுக்குள் சுற்றுச்சூழல் விதிகளை இறுக்கிய பின்னர், சீனா இதே வேலையின் ஒரு பகுதியை எல்லைக்கு அப்பால், மியன்மாரின் கச்சின் மாநிலத்துக்கு நகர்த்தியது. 2024 ஒக்டோபரில் கச்சின் சுதந்திர இராணுவம் அங்குள்ள பங்வா பிரதேசத்தைக் கைப்பற்றியபோது, உலகின் பார எடை அருமண் மூலகங்களில் பெரும்பகுதியின் கதி ஒரு கிளர்ச்சிக் குழுவின் வரி வசூலிப்பில் தங்கியிருக்கும் நிலை உருவாயிற்று. ஐரோப்பாவின் பசுமைக் கார்களின் மோட்டார்கள் அங்கிருந்துதான் ஆரம்பமாகின்றன.

ஆபத்து மணி முதலில் ஒலித்தது 2010 செப்டெம்பரில். சர்ச்சைக்குரிய சென்காகு தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகொன்று ஜப்பானியக் கரையோரக் காவல் கப்பல்களுடன் மோதியது. படகுத் தலைவரை ஜப்பான் தடுத்து வைத்தது. ஜப்பானுக்கான அருமண் ஏற்றுமதி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் தடைப்பட்டது. அவ்வாறான தடை எதுவும் விதிக்கப்படவில்லை என்று பீஜிங் மறுத்த போதிலும் சந்தை அதனை நம்பவில்லை. 2011இல் விலைகள் வானளாவ உயர்ந்தன. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் 2012இல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டு, 2014இல் வழக்கில் வெற்றியும் பெற்றன. 2015இல் சீனா தனது ஏற்றுமதிக் கோட்டாக்களை நீக்கியது.

வழக்கில் வென்றவர்கள் சந்தையில் தோற்றார்கள் என்பதுதான் கதையின் சுவாரசியமான பகுதி. கோட்டா நீங்கியதும் விலை சரிந்தது. உயர்ந்த விலையை நம்பி மவுண்டன் பாஸ் சுரங்கத்தை மீளத் திறந்திருந்த மொலிகோர்ப் நிறுவனம் அதே 2015ஆம் ஆண்டில் வங்குரோத்தானது. பின்னர் அச்சுரங்கத்தை வாங்கிய எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனமும் தோண்டியெடுத்த செறிவுப்பொருளைப் பல ஆண்டுகளாகச் சுத்திகரிப்பதற்காகச் சீனாவுக்கே கப்பலேற்றிக் கொண்டிருந்தது. அமெரிக்க மண்ணில் சுரங்கம் இருந்தும் அமெரிக்காவிடம் உலோகம் இருக்கவில்லை.

ஜப்பான் மட்டுமே அன்று பாடம் கற்றது. அதன் அரச முகவரகமும் சோஜிட்ஸ் வர்த்தக நிறுவனமும் இணைந்து 2011இல் அவுஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 250 மில்லியன் டொலரை வழங்கின. இலாபம் வராத காலத்திலும் அந்நிறுவனத்தைக் கைவிடவில்லை. அருமண்ணுக்காகச் சீனாவில் தங்கியிருந்த அளவு சுமார் 90 சதவீதத்திலிருந்து சுமார் 60 சதவீதமாகக் குறைவதற்கு ஜப்பானுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பொறுமையும் பணமும் தொழில்நுட்பமும் ஒருங்கே படைத்த நாட்டுக்கே இவ்வளவு காலம் தேவைப்பட்டதென்றால், ஏனைய நாடுகளின் தலைவர்கள் ஈராண்டில் தன்னிறைவு என்று பேசுவதை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

2023க்குப் பின்னர் பீஜிங் கையாளும் முறை முன்னையதைவிட நுட்பமானது. அவ்வாண்டு ஓகஸ்டில் கலியம், ஜேர்மானியம், டிசெம்பரில் காரீயம், கூடவே அருமண் பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கே ஏற்றுமதித் தடை, 2024இல் அந்திமனி, 2025 பெப்ரவரியில் டங்ஸ்டன் உள்ளிட்ட ஐந்து உலோகங்கள், ஏப்ரலில் ஏழு அருமண் மூலகங்கள் என ஒவ்வொரு திருகாணியாக இறுக்கப்பட்டது. முழுத் தடை அல்ல, அனுமதிப்பத்திரம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற விபரங்களைக் கொள்வனவாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். பொருளைத் தடுப்பதுடன், எதிராளியின் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கின்றது என்பதை அறிந்துகொள்ளவும் அந்தப் படிவம் உதவுகின்றது. 2025 ஒக்டோபர் 9இல் மேலும் ஐந்து மூலகங்களைச் சேர்த்து, சீன அருமண் சிறிதளவு கலந்த வெளிநாட்டுப் பொருட்களுக்கும் அனுமதி தேவை என்று அறிவிக்கப்பட்டபோது, வாஷிங்டனின் மேலதிகாரக் கட்டுப்பாட்டு முறையையே பீஜிங் பிரதியெடுத்திருப்பது தெளிவாயிற்று. அம்மாத இறுதியில் தென்கொரியாவின் பூசான் நகரில் ட்ரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்ததை அடுத்து ஒக்டோபர் விதிகள் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டன. ஏப்ரல் விதிகள் அவ்வாறு நிறுத்தப்படவில்லை என்பது கவனத்திற்குரியது.

இதற்கிடையே சுதந்திர சந்தையின் தலைமைப் பூசகராக விளங்கிய அமெரிக்கா செய்த காரியம் ஒன்று உண்டு. 2025 ஜூலையில் அதன் பாதுகாப்புத் திணைக்களம் 400 மில்லியன் டொலர் முதலிட்டு எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரராகியது. நியோடிமியம், பிரசியோடிமியம் கலவைக்குக் கிலோகிராமுக்கு 110 டொலர் என்ற அடிமட்ட விலையைப் பத்து ஆண்டுகளுக்கு உத்தரவாதப்படுத்தியது. அன்றைய சந்தை விலையின் ஏறக்குறைய இரு மடங்கு அது. நெல்லுக்கு உத்தரவாத விலை கொடுக்க வேண்டாம், சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்று எம்மைப் போன்ற நாடுகளுக்கு வாஷிங்டனிலிருந்து வழங்கப்பட்ட உபதேசங்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஆயினும் அந்நடவடிக்கை பொருளாதார ரீதியில் அறிவுடைமையானதே. ஏனெனில் இத்துறையின் உண்மையான சிக்கல் தட்டுப்பாடு மாத்திரமன்று, மலிவும் ஆகும்.

இதை லித்தியம் சந்தை தெளிவாகக் காட்டியது. 2022இன் இறுதியில் தொன்னுக்கு 80,000 டொலர் அளவுக்கு உயர்ந்த லித்தியம் காபனேற்றின் விலை, ஈராண்டுகளுக்குள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீழ்ச்சியடைந்தது. உச்ச விலையைக் கண்டு திட்டமிட்ட சுரங்கங்கள் அடிமட்ட விலையில் கைவிடப்பட்டன. கனிமப் படிவொன்று கண்டுபிடிக்கப்பட்டு உற்பத்திக்கு வருவதற்குச் சராசரியாக 16 ஆண்டுகள் செல்கின்றன. விலையோ பதினாறு மாதங்களில் இருமுறை புரண்டுவிடுகின்றது. தனியார் மூலதனம் இத்தகைய இடத்தில் கால்வைக்கத் தயங்குவதில் வியப்பில்லை. நட்டத்தைத் தாங்கி நிற்கக்கூடிய அரசு எதன் பின்னால் இருக்கின்றதோ, அந்த நிறுவனமே இறுதியில் எஞ்சுகின்றது. சர்வதேச சக்தி முகவரகம் 2025இல் ஆராய்ந்த 20 கனிமங்களில் 19இற்குச் சீனாவே முதன்மைச் சுத்திகரிப்பாளர். சராசரிப் பங்கு 70 சதவீதம் அளவில் உள்ளது.

சுரங்கங்களைக் கொண்டுள்ள வறிய நாடுகள் இப்போட்டியில் என்ன பெற்றன? இக்கேள்வி எமக்கு அதிகம் நெருக்கமானது. இரண்டு நாடுகளின் அனுபவங்களை நோக்குவோம்.

இந்தோனேசியா நிக்கல் தாதுவை மூல வடிவில் ஏற்றுமதி செய்வதை 2014இல் தடை செய்து, இடையில் தளர்த்தி, 2020 ஜனவரியில் மீண்டும் முழுமையாகத் தடை செய்தது. எமது தாது வேண்டுமானால் இங்கே வந்து உலை கட்டுங்கள் என்பதே அதன் நிபந்தனை. சீன நிறுவனங்கள் வந்தன. மத்திய சுலாவெசியின் மொரோவாலி, கடற்கரைக் கிராமங்களிலிருந்து மாபெரும் தொழிற்பேட்டையாகியது. நிக்கல் பொருட்களின் ஏற்றுமதி வருமானம் சில ஆண்டுகளில் சுமார் 3 பில்லியன் டொலரிலிருந்து 30 பில்லியனுக்கு மேல் உயர்ந்ததாக ஜகார்த்தா கூறியது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 2022 நவம்பரில் வென்றது. இந்தோனேசியா மேன்முறையீடு செய்தது. அமெரிக்கா நீதிபதிகளை நியமிக்க விடாததால் 2019 டிசெம்பரிலிருந்து மேன்முறையீட்டு மன்றமே இயங்காதிருந்தது. எனவே தீர்ப்பு காகிதத்தில் உறங்கியது. வல்லரசொன்று முடக்கிய நீதிமன்றம் வளர்முக நாடொன்றுக்குக் கேடயமாக அமைந்த விசித்திரம் இது.

ஆனால் மொரோவாலியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த உலைகள் நிலக்கரி மின்சாரத்தில் எரிகின்றன. சுத்தமான காருக்கான நிக்கல் அழுக்கான மின்சாரத்தில் உருக்கப்படுகின்றது. 2023 டிசெம்பரில் உலையொன்றில் ஏற்பட்ட வெடிப்பில் 21 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உற்பத்தி பெருகியதால் உலக விலை வீழ்ந்து, அவுஸ்திரேலியாவில் பி.எச்.பி. நிறுவனம் 2024இல் தனது நிக்கல் உற்பத்தியை இடைநிறுத்தியது. இந்தோனேசியா தொழிற்சாலைகளைப் பெற்றது உண்மை. அத்தொழிற்சாலைகளின் உரித்தும் நுட்பமும் எவருடையவை என்ற கேள்வி அங்கு இன்னமும் விவாதிக்கப்படுகின்றது.

கொங்கோ ஜனநாயகக் குடியரசின் நிலை வேறு. உலக கோபால்ட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அந்நாட்டின் தென்கிழக்கிலிருந்து வருகின்றது. அங்குள்ள டெங்கே ஃபுங்குருமே சுரங்கத்தை அமெரிக்காவின் ஃபிரீபோர்ட் நிறுவனம் 2016இல் சீன நிறுவனமொன்றுக்கு 2.65 பில்லியன் டொலருக்கு விற்றது. கடன்சுமையால் விற்றது, வாஷிங்டன் அன்று கண்டுகொள்ளவில்லை. கொல்வேசியைச் சூழவுள்ள குழிகளில் பாதுகாப்புக் கவசம் எதுவுமின்றி இறங்கும் கைத்தோண்டல் தொழிலாளர்களும், அவர்களிடையே காணப்படும் சிறுவர்களும் உலக மனச்சாட்சியை அவ்வப்போது உறுத்துவதுண்டு. 2025 பெப்ரவரியில் விலை அதலபாதாளத்தில் வீழ்ந்தபோது கின்ஷாசா அரசாங்கம் கோபால்ட் ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. ஒக்டோபரில் தடையை நீக்கிக் கோட்டா முறையைக் கொண்டுவந்து, 2026க்கும் 2027க்கும் தலா 96,600 தொன் என வரையறுத்தது. ஆண்டிறுதிக்குள் விலை இரு மடங்குக்கு மேல் ஏறிற்று.

இது வெற்றிதானா? உற்பத்தியாளர் கதவை மூடியதும் கொள்வனவாளர் மாற்று வழி தேடுகின்றார். கோபால்ட்டும் நிக்கலும் அறவே தேவைப்படாத இரும்பு பொஸ்பேற்று மின்கலங்கள் 2024இல் உலக மின்வாகன மின்கலச் சந்தையில் ஏறக்குறைய அரைப்பங்கைப் பிடித்துவிட்டன. அவற்றைத் தயாரிப்பதில் முன்னணியில் இருப்பதும் சீனாவே. எண்ணெய்க்கு மாற்றுக் காண்பதற்கு உலகுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. கோபால்ட்டுக்குப் பத்து ஆண்டுகளே போதுமாயிற்று. கனிமத்தை வைத்திருப்பவருக்கு அரபு நாடுகளுக்கு இருந்த பலம் இல்லை. அப்பலம் சுத்திகரிப்பவரிடமும் வடிவமைப்பவரிடமுமே சென்றுவிட்டது.

அயல்நாடான இந்தியாவின் நிலையையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். கேரளத்தின் சவறையிலும் தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் மொனசைட் இருப்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1909இல், ஷொம்பேர்க் என்ற ஜேர்மனிய இரசாயனவியலாளரால் கண்டறியப்பட்டது. அன்று எரிவாயு விளக்குகளின் திரிக்காக அது தேடப்பட்டது. இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும் காந்த உற்பத்தியில் இந்தியா சீனாவையே எதிர்பார்த்திருந்தது. 2023 பெப்ரவரியில் காஷ்மீரின் ரியாசியில் 59 இலட்சம் தொன் லித்தியம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பெரும் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. ஏலத்துக்கு விட்டபோது போதிய கேள்விதாரர்கள் முன்வரவில்லை. 2025 ஜனவரியில் தேசிய முக்கிய கனிமத் திட்டத்துக்குப் புதுடில்லி ஒப்புதல் வழங்கியது. கன்னியாகுமரிக் கரையோர மீனவர்களோ புதிய மணல் அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து நிற்கின்றனர். அவர்களின் அச்சம் எமது மன்னார் மக்களின் அச்சத்திலிருந்து வேறுபட்டதன்று.

இனி எமது நாட்டைப் பற்றி. இலங்கையின் கனிம வளம் என்றதும் மிகையான கனவுகளும் கூடவே எழுவது வழக்கம். சமூக வலைத்தளங்களில் உலவும் கணக்குகளை நம்பினால் கடன் முழுவதையும் ஒரு கடற்கரையை விற்றே அடைத்துவிடலாம் போலிருக்கின்றது. உண்மை அதனினும் அடக்கமானது.

எம்மிடம் உள்ள நரம்புக் காரீயம் உலகில் வேறெங்கும் வர்த்தக அளவில் தோண்டப்படாத தூய்மை கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் முதலாம் உலகப் போர்க் காலத்திலும் ஆண்டுக்கு 30,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. உருக்குத் தொழிலின் மூசைகளுக்கு அது இன்றியமையாததாக இருந்தது. சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் குடும்பம் செல்வம் திரட்டியது காரீயச் சுரங்கங்களாலேயே என்பது வரலாறு. பின்னர் மடகஸ்காரின் மலிவான காரீயம் சந்தையைப் பிடித்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது ஓடி ஓடித் தோண்டி, மலிவான போட்டியாளர் வந்ததும் குழிகளைக் கைவிட்ட அந்த அனுபவம், இன்று லித்தியத்துக்கு நேர்ந்ததை முன்கூட்டியே எமக்குக் காட்டியிருந்தது. 1971இல் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. கேகாலை மாவட்டத்தின் போகல பின்னர் ஜேர்மனிய மூலதனத்தின் கீழ் வந்தது. குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ அரசிடம் உள்ளது.

ஒரு மின்வாகனத்தின் மின்கலத்தில் ஐம்பது கிலோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கின்றது. இதைக் காட்டி எமக்குப் பொற்காலம் பிறந்துவிட்டதாகக் கூறுவோர் உளர். உலகின் ஆண்டு உற்பத்தி பத்து இலட்சம் தொன்னைக் கடந்து நிற்க, எமது உற்பத்தி சில ஆயிரம் தொன் மாத்திரமே. மின்கலத்துக்கான காரீயத்தைக் கோளவடிவாக்கிப் பூச்சிடும் பணியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சீனாவில் நடைபெறுகின்றது. நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திலிருந்து தொழிலாளர் மேலே கொண்டுவரும் எமது காரீயம் மொத்தச் சந்தையில் விலை போட்டிக்கு நிற்க முடியாது. தூய்மையே தேவைப்படும் சிறிய, உயர்விலைச் சந்தைகளிலேயே அதற்கு இடமுண்டு. அதற்கு வேண்டியது ஆய்வுகூடமும் பொறியியலாளரும். இன்னொரு சுரங்க அனுமதிப்பத்திரம் அன்று.

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் உள்ள இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் கலந்த கனிய மணல் உலகின் மிகச் செறிவான படிவுகளுள் ஒன்று. 1957இல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. யுத்தம் அதனையும் விட்டுவைக்கவில்லை. 1997 செப்டெம்பரில் அங்கு இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுத்தம் முடிந்து ஒன்றரைத் தசாப்தம் கடந்துவிட்டது. எனினும் இல்மனைட்டிலிருந்து டைட்டேனியம் ஈரொட்சைட்டு தயாரிக்கும் ஆலையொன்று இந்நாட்டில் இல்லை. மணலைக் கழுவிப் பிரித்து, கேள்விப்பத்திரம் கோரி, மணலாகவே விற்கின்றோம். அதன் வெண்ணிறச் சாயத்தைப் பூச்சு வாளிகளில் திரும்ப வாங்குகின்றோம். இந்தோனேசியாவின் வழியைப் பின்பற்றி ஏற்றுமதியைத் தடை செய்தால் என்ன என்று கேட்கப்படுவதுண்டு. உலக நிக்கலில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர் அவ்வாறு செய்யலாம். உலக இல்மனைட்டில் சிறு பங்கை வைத்திருப்பவர் செய்தால், கொள்வனவாளர் மறுநாளே வேறு நாட்டுக்குச் சென்றுவிடுவார்.

மன்னார் தீவின் பிரச்சினை இதனின்றும் வேறானது. அவுஸ்திரேலிய நிறுவனமொன்று பல ஆண்டுகளாக அங்கு கனிய மணல் ஆய்வில் ஈடுபட்டுள்ளது. அதே தீவில்தான் காற்றாலைகளும் எழுந்தன. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தனது காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. ஏனைய திட்டங்களுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதை அடுத்து ஓகஸ்டில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டெம்பர் இறுதியில் இயந்திரங்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே முறுகல் வெடித்தது. காற்றாலையையும் மணல் அகழ்வையும் மக்கள் ஒரே மூச்சில் எதிர்க்கின்றார்களே, ஒன்று பசுமையானது, மற்றையது அழிவானது அல்லவா என்று கொழும்பில் சிலர் வினவினர். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த, பனையும் மீனும் மென்னீர்க் கிணறுகளுமே ஆதாரமான ஒரு தீவில் வாழ்பவருக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே தெரிகின்றன: எமது மணலை எவர் தீர்மானிப்பது? கொழும்புக்கு வெளிச்சம் தேவைப்படும்போதும் உலகுக்கு உலோகம் தேவைப்படும்போதும் தம்மைக் கேளாமல் முடிவெடுக்கப்படுகின்றது என்ற உணர்வு வடகிழக்கு மக்களுக்குப் புதியதன்று.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள புக்கிட் மேரா இங்கு நினைவுகூரத்தக்கது. 1980களில் அங்கு மொனசைட்டிலிருந்து அருமண் பிரித்தெடுத்த ஆலையின் கதிரியக்கக் கழிவுகளுக்கு எதிராகக் கிராம மக்கள் நீதிமன்றம் சென்று பல ஆண்டுகள் போராடினர். 1990களின் முற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. துப்புரவுப் பணிகள் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தன. மொனசைட் எம்மிடமும் உண்டு. பேருவளைக் கரை மணலில் அது அறியப்பட்டது. தோரியம் செறிந்த தோரியனைட் என்ற கனிமமே முதன்முதலில் இந்நாட்டில், 1904இல், அன்று கனிமவியல் அளவைப் பணிக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமியால் கண்டெடுக்கப்பட்டது. நடராஜ தாண்டவத்தின் தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்தவராகவே நாம் அவரை அறிவோம். சம்மட்டியுடன் மலையகக் குன்றுகளில் அலைந்த அந்த இளம் புவியியலாளரை மறந்துவிட்டோம்.

விற்பவர் என்ற நிலையில் எமது பலம் சிறிதென்றால், வாங்குபவர் என்ற நிலையில் எமது தேவை உடனடியானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியது என்று நகைத்தோம். குரங்கு ஒரு சாட்டு மாத்திரமே. ஞாயிறு நண்பகலில் தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்தபோது மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது என்பதே உண்மை. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில், கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியோரிடம் பகலில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்ற இலக்கை வைத்துக்கொண்டு வெயிலை வீணடிக்கும் நாடாகிவிட்டோம். இதற்கான மருந்து மின்கலச் சேமிப்பு. அந்த மின்கலங்களின் லித்தியம் எங்கிருந்து வந்தாலும், காரீயம் எங்கு தோண்டப்பட்டாலும், அவை கப்பலேறும் துறைமுகம் அநேகமாகச் சீனாவிலேயே இருக்கும்.

இதில் தற்போதைக்கு ஒரு சாதகமும் உண்டு. மின்கல விலை வெகுவாக வீழ்ந்திருக்கின்றது. மேற்கு நாடுகளின் உற்பத்தியாளருக்குக் கண்ணீரை வரவழைக்கும் அதே மலிவு, எம்மைப் போன்ற கொள்வனவாளருக்கு வாய்ப்பு. எண்ணெய்க் கப்பலுக்கு மாதந்தோறும் டொலர் தேட வேண்டும். மின்கலத்துக்கு ஒருமுறை தேடினால் பத்தாண்டுகளுக்கு மேல் போதும். ஆகவே அனுமதிப்பத்திர அரசியல் எமது வாசலுக்கு வருமுன் வாங்கக்கூடியதை வாங்கி வைப்பது, எண்ணெயைக் களஞ்சியப்படுத்துவதைவிட அறிவுடைமையான சேமிப்பு. உதிரிப்பாகங்களும் கட்டுப்பாட்டு மென்பொருளும் ஒரே நாட்டிடம் சிக்கிக்கொள்ளாதவாறு கேள்விப்பத்திர நிபந்தனைகளை வகுப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கேள்விப்பத்திரம் எழுதும் அதிகாரிகளுக்குச் சற்றுத் தூரநோக்கு வேண்டும்.

மணலைப் பொறுத்தவரை முதலில் செய்யக்கூடியது மிகச் சிறிய காரியம். மன்னார், புல்மோட்டைப் பிரதேசங்களுக்கான சுற்றாடல் மதிப்பீடுகளும் அகழ்வு உடன்படிக்கைகளும் முழுமையாகத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். உரிமைப்பணத்தில் ஒரு பங்கு அந்தந்தப் பிரதேச சபைக்கே செல்ல வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும்வரை புதிய அகழ்வு அனுமதி எதனையும் வழங்காதிருப்பதால் நாடு இழக்கப்போவது எதுவுமில்லை. இல்மனைட் கெட்டுப்போகும் பண்டமன்று.